மலாவி ஏரிக்கரையில் எட்டு நாட்கள்

தேசப்படத்திலே ஆபிரிக்காவின் கிழக்குப் பாகத்தை நோக்கும் மாணவர் கண்ணில் மூன்று பெரிய நீலத் திட்டுகள் தென்படும். அகன்று பரந்து கிடப்பது விக்ரோறியா ஏரி. அதன் தென்மேற்கே நீண்டு ஒடுங்கிக் கிடப்பது தங்கனீக்கா. இன்னுந் தெற்கே, வெள்ளரிப் பிஞ்சொன்றை நிறுத்தி வைத்தாற் போன்று வடக்குத் தெற்காகக் கிடப்பது மலாவி ஏரி. மலாவி, மொசாம்பிக், தன்சானியா என்னும் மூன்று நாடுகள் அதன் கரையைப் பங்கிட்டுக் கொண்டுள்ளன.

இதன் நீளம் ஏறத்தாழ 580 கிலோமீற்றர். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை நமது தீவின் நீளம் 435 கிலோமீற்றர் அளவினதே என்பதை நினைவு கூர்ந்தால், இந்த ஏரியின் பெருமை விளங்கும். அகலமோ மிகக் கூடிய இடத்திலும் 75 கிலோமீற்றர்தான். பரப்பு ஏறத்தாழ 29,600 சதுர கிலோமீற்றர். ஆழம் 700 மீற்றர் வரை செல்லும். நீர்மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 470 மீற்றர் உயரத்தில் இருப்பதால், ஏரியின் அடித்தளம் கடல் மட்டத்துக்குங் கீழே 200 மீற்றருக்கு மேல் தாழ்ந்து கிடக்கின்றது. பூமியின் மேலோடு பிளந்து விலகியதால் உண்டான நெடிய பள்ளத்தாக்கிலே நீர் தேங்கியமையாற் பிறந்த ஏரி இது.

சென்ற ஓகஸ்ட் விடுமுறையில் நாம் எட்டு நாட்கள் இந்த ஏரிக்கரையிலே தங்கி, நாள்தோறும் நீந்தி, கரைவாழ் மக்களோடு அளவளாவும் வாய்ப்பைப் பெற்றோம். ஏரியின் அழகை எழுதியோர் பலர். அழகையும் சொல்வோம், ஆயினும் அந்த நீரையே நம்பி வாழ்வோர்க்கு அஃது எத்தகைய நீர் என்பதைச் சிறப்பாகச் சொல்லுதல் நமது கடமை எனக் கருதுகின்றோம்.

பெயரும் வரலாறும்

ஸ்கொட்லாந்து தேசத்தவரான டேவிட் லிவிங்ஸ்ரன் 1859-ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே ஷீரே ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக ஏரியின் தென்கரையை அடைந்தார். அங்குள்ளோர் வழங்கிய 'நியாசா' என்ற சொல்லையே ஏரியின் பெயராக அவர் எழுதி வைத்தார். அச்சொல்லின் பொருளே ஏரி என்பதுதான். ஆகவே நியாசா ஏரி என்பது 'ஏரி ஏரி' என்று முடிந்தது! லிவிங்ஸ்ரனுக்கு முன்னரே, 1846-ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேய வணிகர் ஒருவர் ஏரியைக் கண்டிருந்தார். இவர்கள் இருவருக்கும் எத்தனையோ தலைமுறை முன்னரே அந்நாட்டு மக்கள் அங்கு மீன்பிடித்து வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆங்கிலேயர் ஆட்சியில் நியாசாலாந்து எனப் பெயர் பூண்டிருந்த நாடு 1964-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆந் திகதி சுதந்திரம் பெற்று மலாவி ஆயிற்று. ஏரியும் அப்பெயரையே ஏற்றது. தன்சானியரும் மொசாம்பிக் மக்களும் இன்றும் பழைய பெயராலேயே அதனை அழைக்கின்றனர்.

மக்லியர் முனை

தலைநகராகிய லிலொங்வேயிலிருந்து மினிபஸ்களில் மாறி மாறி ஒரு பகல் முழுதும் பயணஞ் செய்து ஏரியின் தென்கோடியை அடைந்தோம். மங்கி பே என்னுந் துறைமுகத்தைக் கடந்து, குன்றுகளுக்கிடையே செல்லும் பாதை மக்லியர் முனையிலே சென்று முடிகின்றது. வானசாத்திரியான தோமஸ் மக்லியர் என்பவரின் பெயரை லிவிங்ஸ்ரன் இம்முனைக்குச் சூட்டினார். 1875-இல் ஸ்கொட்லாந்துப் பாதிரிமார் இங்கே முதல் மடத்தை அமைத்தனர். மலேரியாக் காய்ச்சலுக்குப் பலரைப் பலி கொடுத்தபின் 1881-இல் வடக்கே இடம் பெயர்ந்தனர். அவர்களுடைய கல்லறைகள் சில குன்றின் அடிவாரத்தில் இன்றும் உள்ளன. 1949, 1950-ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்துக்கும் தென்னாபிரிக்காவுக்குமிடையே பறந்த நீர்விமானங்கள் இந்த விரிகுடாவில் இறங்கிச் சென்றன.

கரையோரம் நெடுகக் கிடக்கும் ஊரின் பெயர் செம்பே. பின்னே கருங்கற் குன்றுகள். முன்னே பொன்னிற மணல். எதிரே தும்பி, டொம்வே என்னுந் தீவுகள். தும்பி என்ற பெயர் தமிழ்ச் செவிக்கு இனிக்கின்றது; ஆயினும் நமது தும்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நமக்கு உண்மையான உறவாய் நின்றது வேறொன்று. ஊரின் நடுவே, யானைக் கால்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டியது போன்ற அடிமரத்தோடு பெருக்க மரங்கள் நின்றன. மன்னாரிலும் நெடுந்தீவிலும் அராபிய வணிகர் கொணர்ந்து நட்டன என்று நாம் வியந்து பார்க்கும் அதே மரம்! அதன் தாயகம் ஆபிரிக்கா. அங்கே அதனை யாரும் வியந்து பார்ப்பதில்லை. காயை உடைத்து, உள்ளேயிருக்கும் புளிப்பான வெண்மாவை நீரிற் கரைத்துப் பானமாக அருந்துகின்றனர். சிறுவர் அதன் நிழலிலே பந்தாடுகின்றனர்.

மீன்களோடு நீந்துதல்

மறுநாட் காலையில் மீனவ இளைஞர் ஒருவரின் வள்ளத்தை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு தும்பித் தீவுக்குச் சென்றோம். கரையை அண்டி நாணற்புல் அடர்ந்த இடங்களில் இறங்காது, தீவின் பாறைகளருகே ஆழ்ந்த நீரிலேயே நீந்துவது என்று புறப்படுமுன்னரே தீர்மானித்திருந்தோம். அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வோம்.

அலை எழும் ஏரியாதலின் பார்வைக்குக் கடலே. ஆனால் நீரில் வீழ்ந்தவுடன் வேறுபாடு தெரிகின்றது. உப்புநீர் உடலைத் தாங்குவது போல நன்னீர் தாங்குவதில்லை. கடலில் நீந்திப் பழகியவர் கையையும் காலையுஞ் சற்று அதிகமாகவே அசைக்க வேண்டும். கண்ணிலும் கரிப்பில்லை, நாவிலும் கரிப்பில்லை. நீர்க்கண்ணாடி அணிந்து முகத்தைத் தாழ்த்தியபோது பல மீற்றர் ஆழத்திலுள்ள பாறையின் விரிசல்கூடத் தெளிவாகத் தோன்றிற்று.

அப்பாறைகளைச் சுற்றி மீன்கள்! நீல நிறத்திற் கருங்கோடு போட்டவை, மஞ்சள் நிறத்தவை, ஊதா நிறத்தவை எனக் கணக்கிட முடியாத கூட்டம். சிக்லிட் என்னுங் குடும்பத்தைச் சேர்ந்த இம்மீன்களில் இந்த ஏரியில் மாத்திரம் பல நூறு இனங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. பாறைகளை விட்டகலாது வாழ்வனவற்றை அவ்வூரார் 'எம்புனா' என்பர். ஒரு பாறைத் தொகுதிக்கும் அடுத்ததற்குமிடையே மணல்வெளி இருந்தால் எம்புனா அதனைத் தாண்டிச் செல்வது அரிது. ஆகவே தீவுக்குத் தீவு நிறம் மாறி, காலப்போக்கில் இனமே வேறுபட்டு விடுகின்றது. உயிரினங்கள் எங்ஙனம் பிரிந்து பெருகுகின்றன என்பதை ஆராயும் அறிஞர்க்கு இந்த ஏரி ஒரு பெரும் பள்ளிக்கூடம். 1980-இல் இப்பகுதி தேசிய வனமாக்கப்பட்டது. 1984-இல் யுனெஸ்கோ தாபனம் இதனை உலக மரபுரிமைத் தலமாக ஏற்றது.

இம்மீன்களில் தாயானவள் முட்டைகளைத் தன் வாயினுள்ளேயே வைத்துக் காக்கின்றாள். குஞ்சு பொரித்து வெளியேறும் வரை, ஏறக்குறைய மூன்று வாரங்கள், உணவின்றியே இருந்து விடுகின்றாள். சில இனங்களில், வெளியே விட்ட குஞ்சுகளும் பகை கண்டால் மீண்டுந் தாயின் வாய்க்குள் ஓடி ஒளிகின்றன. கம்பாங்கோ என்னும் பெரிய கெளிற்று மீனோ தன் குஞ்சுகளுக்கு உணவாகவே தனியாக முட்டைகளை இடுகின்றது. தாயன்புக்குப் பறவைகளையும் பசுவையும் உவமை கூறும் நாம், இனி மீனையுஞ் சேர்த்துக்கொள்ளலாம்.

தென்கிழக்கிலிருந்து வீசும் 'முவேரா' என்னுங் காற்று எழும் நாட்களில் ஏரி கருநிறங்கொண்டு கொந்தளிக்கும். எட்டு நாட்களில் இரண்டு நாட்கள் வள்ளங்கள் கரையேறிக் கிடந்தன. அந்நாட்களே ஊராரோடு உறவாட நமக்கு வாய்த்த நல்ல நாட்கள்.

நலம் விசாரித்தலே முதல்

சிச்செவா மொழியில் நாம் முதலிற் கற்றது வணக்கச் சொல். 'முலி புவாஞ்சி' என்றால் நலமாயிருக்கின்றீர்களா என்பது பொருள். 'ண்டிலி புவினோ, காயா இனு?' என்று விடை வரும்: நலமே, தாங்கள் எவ்வாறு? இந்த விசாரணை முடியுமுன் விலை கேட்பதும், வழி கேட்பதும் மரியாதைக் குறைவு. வள்ளக்காரரிடம் பேரம்பேசச் சென்றாலும் முதலில் அவர் வீட்டாரின் நலம். அதன் பின்பே வாடகை. ஒருவரைக் கேட்கும்போதும் மரியாதை கருதிப் பன்மையிலேயே கேட்பர். சிறுவரிடமும் நெருங்கிய தோழரிடமும் மாத்திரம் 'உலி புவாஞ்சி' என்று ஒருமை வரும். நீ, நீங்கள் என்ற வேற்றுமையைத் தாய்ப்பாலோடு பருகிய தமிழருக்கு இதனை விளக்க இலக்கண ஆசிரியர் வேண்டுவதில்லை. வயது முதிர்ந்தோர் யாராயினும் 'அகோகோ'. நாம் அப்பு, ஆச்சி என்பது போலவே.

வெள்ளையரைக் கண்டால் 'அசுங்கு' என்று கூவும் சிறுவர், நம்மைக் கண்டு 'முவென்யே' என்றனர். இந்தியர் என்பது அதன் பொருள். ஆங்கிலேயர் காலந்தொட்டு அந்நாட்டிற் கடைவைத்து வாழும் குஜராத்தி வணிகரால் வழக்கில் வந்த சொல் அது. இலங்கை எங்கேயிருக்கின்றது என்பதை மணலிலே கோலாற் படம் வரைந்து காட்டினோம். 'அதைச் சுற்றி உள்ளதெல்லாம் ஏரியா?' என்று ஒரு சிறுமி கேட்டாள். உப்புநீர் என்றோம். 'அப்படியானால் எதைக் குடிப்பீர்கள்?' என்றாள்! அவள் அறிந்த உலகில் நீர் என்றால் குடிப்பதற்கும், குளிப்பதற்கும், மீன் தருவதற்கும் உரிய ஒன்றே.

நண்பகலில் முதியோர் பெருக்க மர நிழலில் 'பவோ' ஆடுவர். பலகையில் நான்கு வரிசையாக 32 குழிகள். விதைகளை அள்ளி ஒவ்வொன்றாய் இட்டுச் செல்லல் வேண்டும். நமது பல்லாங்குழியின் 14 குழிகளை நினைந்து நாமும் ஒருமுறை அமர்ந்தோம். சில நிமிடங்களில் விதைகள் யாவும் எதிரில் இருந்த அகோகோவின் பக்கஞ் சேர்ந்தன. கூடியிருந்தோர் கைகொட்டி மகிழ்ந்தனர்.

அன்றிரவு வள்ளக்கார இளைஞரின் வீட்டிலே உணவு. முதலில் செம்பிலே நீர் கொண்டு வந்து ஒவ்வொருவர் கையிலும் ஊற்றினர். சோள மாவைக் கிண்டிய களியே அந்நாட்டின் சோறு, 'என்சிமா' என்பர். கையால் எடுத்து உருட்டி, கறியிலே தோய்த்து உண்பர். நாம் மீன் உண்பதில்லை என்று அறிந்ததும் வீட்டுப் பெண்மணி, 'மீன் உண்ணாதவர் ஏரிக்கு ஏன் வந்தார்?' என்று சிரித்தார். ஆயினும் பூசணிக் கீரையை நிலக்கடலை மாவோடு சேர்த்து ஆக்கிய கறியொன்றை நமக்கென்றே தனியாகப் படைத்தார். அதன் சுவை இன்னும் நாவில் நிற்கின்றது. சிக்கோமோ, நன்றி என்று சொல்லி எழுந்தோம்.

விளக்கு வள்ளங்கள்

காற்றடங்கிய இரவுகளில், நிலவில்லாத வேளைகளிற் கரையிலே நின்று பார்த்தால் ஏரியின் மேல் விளக்குகள் வரிசை வரிசையாக மின்னும். லிவிங்ஸ்ரன் இதனை விண்மீன் ஏரி என்று அழைத்தார் என்பர். விளக்கின் ஒளிக்குத் திரண்டு வரும் 'உசிப்பா' என்னுஞ் சிறுமீனை வலையில் அகப்படுத்துவதே அவர்கள் தொழில். முன்னே மண்ணெண்ணெய் விளக்கு. இப்பொழுது மின்கலத்தில் எரியும் விளக்கு. விடிந்ததும் வள்ளங்கள் கரைசேரும். பெண்கள் மீனை நாணற் பரண்களிலே பரப்பி வெயிலில் உலர்த்துவர். நம் கரையோர ஊர்களிற் கருவாடு காயும் மணமே அங்கும்.

பவோ ஆட்டத்தில் நம்மை வென்ற முதியவர் அப்பரண்களைக் காட்டி ஒன்று சொன்னார்: 'நான் இளைஞனாயிருந்த காலத்தில் சம்போ மீனை இக்கரையில் நின்றே பிடித்தோம். இப்பொழுது இரவெல்லாம் ஏரிக்குள்ளே கிடந்து விரலளவு மீனைக் கொண்டு வருகின்றார்கள்.' சம்போ என்பது திலாப்பியா இனத்தது. 1952-இல் நமது குளங்களில் விடப்பட்ட ஆபிரிக்கத் திலாப்பியாவுக்கு உறவினன். மலாவி மக்கள் விரும்பி உண்ணும் அந்த மீன் இன்று மிகவும் அருகி விட்டது.

இதற்குக் காரணம் தேடித் தூரஞ் செல்ல வேண்டியதில்லை. சனத்தொகை பெருகிற்று. நிலமோ குறைவு. வேறு தொழில் இல்லாதோர் யாவரும் வலையெடுத்தனர். கண் சிறுத்த வலைகள் வந்தன. நுளம்பு வலையைத் தைத்துக் கரைவலையாக இழுப்போரும் உளர். குஞ்சும் சினையும் அதற்குத் தப்புவதில்லை. தேசிய வனத்தின் எல்லைக்குள், கரையிலிருந்து 100 மீற்றர் வரை மீன்பிடித்தல் ஆகாது என்பது சட்டம். ஆனால் இன்றிரவு அடுப்பில் வைக்க ஒன்றுமில்லாதவனுக்கு அந்த 100 மீற்றர் நெடுந்தூரமாய்த் தோன்றுவதில்லை.

நீரில் மறைந்திருக்கும் பகை

மீன் குறைந்ததால் வயிறு மாத்திரம் வாடவில்லை. இங்குதான் மாணவர் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி வருகின்றது.

பில்ஹார்சியா என்றொரு நோய் உண்டு. 1851-ஆம் ஆண்டு கெய்ரோ நகரிலே தியோடோர் பில்ஹார்ஸ் என்னும் ஜேர்மானிய வைத்தியர் இதன் காரணமான புழுவைக் கண்டறிந்தார். நோயாளியின் சிறுநீரோடு புழுவின் முட்டைகள் நீரிற் கலக்கின்றன. முட்டையிலிருந்து வெளிப்படும் நுண்ணுயிர், நீரில் வாழும் ஒருவகை நத்தையைத் தேடி அதனுட் புகுகின்றது. அங்கே சில வாரங்கள் பெருகி, வாலுடைய ஆயிரக்கணக்கான நுண்புழுக்களாக, வெயில் ஏறும் வேளையில் வெளியே வருகின்றது. நீரில் நிற்பவரின் தோலைச் சில நிமிடங்களில் துளைத்து உட்செல்கின்றது. வலியில்லை, புண்ணும் தெரிவதில்லை. வாரங்கள் கழித்துச் சிறுநீரில் இரத்தம் தோன்றும். குழந்தைகள் சோகை பிடித்து, படிப்பில் மனஞ் செல்லாது சோர்வர். பல ஆண்டுகள் கவனியாது விட்டால் சிறுநீர்ப்பையிற் புற்றுநோயும் வரக்கூடும். உலக சுகாதார தாபனத்தின் கணக்கின்படி 2021-ஆம் ஆண்டில் 25 கோடிக்கு மேற்பட்டோர்க்கு இந்நோயைத் தடுக்கும் மருந்து தேவைப்பட்டது.

மலாவி ஏரியின் திறந்த கரைகளில் இந்நோய் இல்லையென்றே 1980-களின் நடுப்பகுதி வரை எண்ணியிருந்தனர். அதன்பின் செம்பே முதலிய ஊர்களில் நோய் பரவிற்று. அறிஞர் ஆராய்ந்தபோது ஓர் அரிய தொடர்பு வெளிப்பட்டது. தொண்டையிலுள்ள வலிய பற்களால் நத்தையின் ஓட்டை நொறுக்கித் தின்னும் மீன்கள் இந்த ஏரியில் உண்டு. அவை கரையோர மணலில் வாழ்வன. ஆகவே கரைவலைக்கு முதலில் அகப்படுவனவும் அவையே. அவை குறையவே நத்தைகள் பெருகின. நத்தைகள் பெருகவே நோயும் பெருகிற்று. பசிக்காக இழுத்த வலை, பிள்ளையின் இரத்தத்தைக் கேட்கும் வலையாயிற்று.

ஊரிலுள்ள சிறு மருந்துச்சாலையின் ஊழியர் ஒருவர், விரல்நகமளவான நத்தையோட்டை உள்ளங்கையில் வைத்து இவற்றையெல்லாம் நமக்கு விளக்கினார். பிரசிகுவான்றல் என்னும் மாத்திரை புழுக்களைக் கொல்லும், விலையும் அதிகமில்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதனை இலவசமாக வழங்குகின்றனர். 'ஆனால் மருந்து வருவது ஆண்டுக்கு ஒருமுறை. பிள்ளைகள் ஏரியில் இறங்குவது நாளைக்கு நான்குமுறை' என்றார் அவர்.

நாம் நாணற் கரையை விட்டுத் தீவின் பாறைகளருகே நீந்தியதன் காரணம் இப்பொழுது வாசகர்க்கு விளங்கியிருக்கும். அவ்வாறு நீந்தினாலும் ஆபத்து முற்றாக நீங்குவதில்லை. ஆகையால் ஊர் திரும்பியபின் வைத்தியரின் சொற்படி, சில வாரங்கள் பொறுத்துப் பரிசோதனை செய்து மாத்திரையையும் உட்கொண்டோம். இளம்புழுக்களை அம்மாத்திரை கொல்லாதாகலின், உடனே உட்கொள்வதாற் பயன் குறைவு.

ஏழாம் நாள் மாலை, வள்ளத்தில் நம்மோடு வந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், 'நீங்களும் மாத்திரை போடுவீர்களா?' என்று கேட்டான். ஆம் என்றோம். 'நானும் பள்ளிக்கூடத்திற் போட்டேன். மறுநாள் அம்மாவுக்குத் தண்ணீர் அள்ள இறங்கினேன்' என்றான். அவன் குறை கூறவில்லை. மழை பெய்தது, வெயில் எறித்தது என்பது போலச் சொன்னான். நமக்குத்தான் விடை சொல்ல வாய் எழவில்லை.

எது செய்தல் வேண்டும்?

இந்நோயைத் தீர்க்கும் வழி அறியாத ஒன்றன்று. ஊருக்குக் கிணறும் குழாய்நீரும் வேண்டும். வீட்டுக்கு வீடு மலசலகூடம் வேண்டும். மாத்திரை தவறாது கிடைத்தல் வேண்டும். கரையோர மீனைக் காக்கும் விதியை ஊராரே ஏற்று நடத்தல் வேண்டும். வலைக்கண்ணின் அளவையும் கரைவலை இழுக்கக் கூடாத மாதங்களையும் கவனிக்கும் மீனவர் சபைகள் மலாவியிற் பல கரைகளில் உண்டு. மீன் மீண்டால் நத்தை குறையும் என்பதை அச்சபையினர் அறிந்துகொண்டால், சட்டத்துக்கு அஞ்சிக் காக்கும் நூறு மீற்றரைப் பிள்ளைகளுக்காகவே காப்பர் என்பது நமது நம்பிக்கை.

உல்லாசப் பயணிகளுக்கும் இதிலே பங்குண்டு. ஊர் வள்ளத்தையே அமர்த்தி, ஊர் உணவையே உண்டு, அவர்கள் கேட்கும் நியாயமான வாடகையைக் கொடுத்தால், ஒரு குடும்பம் அன்றிரவு நுளம்பு வலையை ஏரியில் இழுக்க வேண்டிய தேவை குறையும். பாறையருகே உலவும் வண்ண மீன் உயிரோடிருந்தாற்றான் நாளையும் பயணி வருவான் என்பதை வள்ளக்கார இளைஞர் நன்கு அறிந்திருந்தார்.

நம் நாட்டிலே பில்ஹார்சியா காலூன்றவில்லை. ஆயினும் குளத்தில் நஞ்சு கலந்தால் மீன் சாகும், மீன் செத்தால் நுளம்புக் குடம்பி பெருகும் என்ற கணக்கு இங்கும் உண்டு. இயற்கையின் ஐந்தொகையில் ஒரு பக்கத்திலிருந்து எடுத்ததை மறுபக்கத்தில் யாரோ ஒருவர் கட்டியே தீர வேண்டும். மலாவி ஏரியில் அதனைக் கட்டுபவர், மீனை விற்றவரும் அல்லர். நீந்தி மகிழ்ந்து விமானமேறிய நாமும் அல்லோம். தாய்க்குத் தண்ணீர் அள்ளச் செல்லும் பன்னிரண்டு வயதுச் சிறுவனே அதனைக் கட்டுகின்றான். எந்த நீரில் இறங்கினாலும், அந்த நீரை அன்றாடம் அள்ளுபவர் யார் என்று ஒருகணம் நினைத்துப் பார்ப்போமாக.